மெஷின் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்குத் துணி துவைக்க எது சரி?

வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "டாப் லோடா, ஃபிரண்ட் லோடா?" என்றுதான். கடையிலும் எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று பேச்சு ஓடும். "உங்க வீட்டுல என்ன தண்ணி?" என்று கேட்பவர் அபூர்வம். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் தொல்லை தராமல் ஓடிய மெஷினை, வேலை மாற்றலாகி முதுநகருக்கோ முத்தியால்பேட்டைக்கோ கொண்டுவந்து போர் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். அதே பவுடர்தான், அதே துணிதான். ஆனால் வெள்ளைச் சட்டை மஞ்சளாகும், துண்டு அட்டையாக விறைக்கும். பழி மட்டும் மெஷின் மேல் விழும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீரை நம்பியிருக்கும் கடலோர வீட்டுக்கு செமி ஆட்டோமேட்டிக், அதாவது துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருக்கும் மெஷின். நல்ல தண்ணீர் தட்டுப்பாடில்லாமல் வரும் வீட்டுக்கு ஃபிரண்ட் லோடு. டாப் லோடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குனிய முடியாதவர்கள், கூடவே நிற்க நேரமில்லாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். எந்த மெஷின் வாங்கினாலும் துவைக்கிற கல்லை உடைத்துவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்ததால் பல இடங்களில் உப்புநீர் உள்ளே ஏறியிருக்கிறது. சற்று உள்ளே தள்ளி, கேப்பர் மலை போன்ற செம்மண் மேடுகளில் கதை வேறு. புவியியல்காரர்கள் 'கடலூர் மணற்கல்' என்று பெயர் வைத்திருக்கும் பாறை அது. அதன் சிவப்புக்குக் காரணமே இரும்புதான். இந்தப் பக்கத்துப் போர்கள் சிலவற்றில் தண்ணீரோடு இரும்பும் வரும். ஆக, துணிக்குத் தொல்லை தரும் தண்ணீர் மூன்று வகை: கடினத் தண்ணீர், உப்புத் தண்ணீர், இரும்புத் தண்ணீர். ஒரே போரில் மூன்றும் சேர்ந்து வருவதும் உண்டு.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அது குடிப்பதற்கான கணக்கு. துணிக்கு 200-ஐத் தாண்டினாலே சோப்பு வீணாகத் தொடங்கும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பாதியளவு தண்ணீர் எடுங்கள், ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ. இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை பாட்டில் கழுத்துவரை ஏறி அப்படியே நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை எழும்பாது. பால் கலங்கியதுபோல் ஆகி, மேலே திரிதிரியாக மிதக்கும். துணியில் போய் ஒட்டிச் சாம்பல் நிறம் தருவது அந்தத் திரிதான்.

இரும்பைக் கண்டுபிடிக்க வெள்ளை பக்கெட் போதும். ராத்திரி பிடித்து மூடாமல் வையுங்கள். மோட்டார் போட்டவுடன் கண்ணாடிபோல் வந்த தண்ணீர், காலையில் லேசாக மஞ்சளடித்திருக்கும். அடியில் காவித் தூள் படிந்திருக்கும். மேலே எண்ணெய் மிதப்பதுபோல் ஒரு பளபளப்பும் தெரியலாம். விரலால் தொட்டுப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் விலகி மறுபடி ஒன்றுசேரும். இரும்புப் படலமாக இருந்தால் ஏடு ஏடாக உடைந்து நிற்கும். இன்னொரு அடையாளம், அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கருத்துப்போகும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை நிறம் வரும்.

உப்பு தெரிய நாக்கே போதும். டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது கரைந்திருப்பதன் மொத்த அளவைத்தான் காட்டும், அதில் கடினத்தன்மை எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. சரியான எண் வேண்டும் என்றால், தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். பல ஆயிரம் போட்டு மெஷின் வாங்கும் முன் செய்ய வேண்டிய செலவு இது.

செமி ஆட்டோமேட்டிக்கை ஏன் முதலில் வைக்கிறேன்

விலை குறைவு என்பதற்காக இல்லை, அதுவும் உண்மைதான் என்றாலும். செமியில் தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது. துவைக்கும் தொட்டியில் எந்தத் தண்ணீர், அலசுவதற்கு எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் தீர்மானிக்கலாம். டாப் லோடு, ஃபிரண்ட் லோடு போன்ற ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் குழாயை ஒரு முறை மாட்டினால் துவைப்பதும் அலசுவதும் அந்தத் தண்ணீரில்தான்.

நல்ல தண்ணீர் காலையில் சிறிது நேரம்தான் வருகிறது, நாலைந்து பக்கெட்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துவைக்கப் பயன்படுத்துவதா, அலசவா? கலர் துணிக்கு என்றால் கடைசி அலசலுக்கு வையுங்கள். போர் தண்ணீரில் துவைத்து, போர் தண்ணீரில் ஒரு முறை அலசி, முடிவில் நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் துணியில் உப்பு தங்காது. வெள்ளைத் துணிக்கு, குறிப்பாக இரும்புத் தண்ணீர் வரும் வீட்டில், இந்தக் கணக்கு செல்லாது. பவுடரில் இருக்கும் காரம் தண்ணீரிலுள்ள இரும்பைத் துணிமேலேயே படிய வைத்துவிடும். கடைசியில் அலசி எடுத்தாலும் போகாது. வேட்டி, வெள்ளை யூனிஃபார்ம், படுக்கை விரிப்பு எல்லாம் தொடக்கம் முதலே நல்ல தண்ணீரில்தான் போக வேண்டும். நீர் போதவில்லை என்றால் வெள்ளையை மட்டும் சேர்த்துவைத்து வாரம் ஒரு நாள் போடுங்கள்.

ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து வெளிர் நிறம், கடைசியாக ஜீன்ஸ், கால்மிதி என்று இறக்க முடிவதும் செமியில்தான். பிழியும் தொட்டியும் சிறியது, வேகமானது. பல மாடல்களில் நிமிடத்துக்கு 1,300 சுற்று வரை போகும். சாதாரண டாப் லோடு 700 சுற்றைச் சுற்றித்தான் நிற்கும். தொட்டியின் அகலம் வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் ஐப்பசி மழையில் செமியில் பிழிந்த துணி எவ்வளவு ஈரம் குறைவாக வெளியே வருகிறது என்பதைக் கையில் எடுத்தவர்கள் அறிவார்கள்.

இன்னொன்று, கடற்காற்று. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற இடங்களில் ஜன்னல் கம்பியே எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பது தெரிந்ததுதான். தகரப் பெயின்ட் உடம்பு கொண்ட மெஷினுக்கும் அதே கதிதான், கீழ் விளிம்பிலிருந்து அரிக்கத் தொடங்கும். செமி மெஷின்கள் பெரும்பாலும் வெளிப்புறம் முழுக்க பிளாஸ்டிக். உள்ளே எலக்ட்ரானிக் போர்டும் கிடையாது, திருகுகிற டைமர்தான். மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் டைமரைத் திருகிவிட்டால் மறுபடி ஓடும். கெட்டுப்போனால் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

குறை என்னவென்றால் ஆள் நிற்க வேண்டும். துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் மாற்ற வேண்டும், குழாயைத் திறந்து மூட வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அந்த வேலை யார் தலையில் விழும் என்பதையும் வாங்கும் முன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஃபிரண்ட் லோடு: நல்ல மெஷின், நல்ல தண்ணீர் இருந்தால்

அழுக்கு எடுப்பதில், துணியை நோகாமல் துவைப்பதில், தண்ணீர்ச் சிக்கனத்தில் ஃபிரண்ட் லோடுக்கு இணை இல்லை. ஆறேழு கிலோ துணிக்கு ஏறக்குறைய 50, 60 லிட்டரில் முடித்துவிடும். டாப் லோடு அதே துணிக்கு 100 லிட்டருக்கு மேல் எடுக்கும். நல்ல தண்ணீர் குழாய் நேரடியாக மெஷினுக்கு வருகிற வீட்டில், ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டைப் பக்கத்து அடுக்குமாடிகளில் சிலருக்கு அந்த வசதி இருக்கலாம், யோசிக்காமல் இதை வாங்கலாம். சூடு வைத்துத் துவைக்கும் வசதியும் பெரும்பாலான மாடல்களில் உள்ளேயே வரும். எண்ணெய்ப் பிசுக்கு, குழந்தைத் துணி, வியர்வை நாற்றம் பிடித்த பனியன் எல்லாவற்றுக்கும் 40 டிகிரி சூடு செய்கிற வேலையை வெறும் தண்ணீரில் செய்ய முடியாது. மின்செலவில் பெரும்பங்கு இந்தச் சூட்டுக்குத்தான் போகிறது, மோட்டாருக்கு இல்லை. தினசரித் துணிக்கு சாதாரணத் தண்ணீரே போதும்.

கடினத் தண்ணீரில் இந்தச் சூடே எதிரியாகிவிடுகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ஹீட்டர் கம்பியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். கரண்டு கூடும், ஒரு நாள் ஹீட்டர் போய்விடும். இதற்காகத் தனியாக விற்கும் தூளையோ சிட்ரிக் ஆசிட்டையோ போட்டு, துணி இல்லாமல் சூட்டில் மாதம் ஒரு முறை ஓட்ட வேண்டியிருக்கும். எதை எவ்வளவு போடலாம் என்பதை மெஷினோடு வரும் கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர் விசையையும் பாருங்கள். தொட்டி மெஷினுக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் விசை சுமார் 0.3 பார். பல மெஷின்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவே அந்த அளவில்தான் இருக்கும். மொட்டை மாடியில் தொட்டி, அதற்கு நேர் கீழே மேல்மாடி வீடு என்றால் தண்ணீர் ஏறவில்லை என்று எரர் காட்டி நின்றுவிடும். தரைத்தளத்து வீட்டில் அதே மெஷின் நன்றாக ஓடும்.

போர் தண்ணீரை வைத்துக்கொண்டே ஃபிரண்ட் லோடுதான் வேண்டும் என்பவர்களுக்கு வாட்டர் சாஃப்ட்னர் ஒரு வழி. அதில் இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது கல்லுப்பு போட்டுப் புதுப்பிக்க வேண்டும். கடினத்தன்மைக்கு இது நல்ல தீர்வு. ஆனால் கடல்நீர் கலந்த உப்புத் தண்ணீரை இது நல்ல தண்ணீராக்காது. இரும்பு அதிகம் இருந்தால் ரெசினே அடைத்துக் கெட்டுப்போகும். முதலில் இரும்பை வடிகட்ட வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமல் சாஃப்ட்னர் வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

டாப் லோடு

போட்டுவிட்டுப் போகலாம், குனிய வேண்டாம், நடுவில் நிறுத்தி விட்டுப்போன சாக்ஸைப் போடலாம். குறைந்த விசையிலும் ஓடும் மாடல்கள் உண்டு. தண்ணீரை அள்ளி விழுங்கும், துணியைச் சற்று முறுக்கும். குழாய் முனையில் ஒரு பிரிவு வைத்து, நல்ல தண்ணீர், போர் தண்ணீர் இரண்டையும் இழுத்துவிட்டால், வெள்ளைத் துணி போடும் நாளில் வால்வைத் திருப்பிக்கொள்ளலாம். பிளம்பருக்கு அரை நாள் வேலை. டாப் லோடுதான் என்று முடிவெடுத்தவர்கள் இதைச் செய்துகொள்ளுங்கள்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் எதுவாக இருந்தாலும் கடற்கரை வீட்டில் வெளியே பால்கனியில் வைக்காதீர்கள். உப்புக்காற்று எலக்ட்ரானிக் போர்டைத் தின்றுவிடும். அடியில் எலி நுழையாமல் வலை அடிப்பதையும் மெஷின் வருகிற அன்றே செய்யச் சொல்லுங்கள். எலி வயரைக் கடித்தால் பெரும்பாலும் வாரண்டியில் வராது.

கல்லின் வேலை

காலர், கைமுனை, வேட்டிக் கரை, பிள்ளைகளின் யூனிஃபார்ம் முட்டி, இந்த இடங்களில் பிரஷ் போட்ட பிறகுதான் எந்த மெஷினுக்குள்ளும் போக வேண்டும். செம்மண் கறைக்குக் கல் கட்டாயம் வேண்டும். ஆனால் பலர் செய்கிற முறை தலைகீழ்: ஈரமண்ணோடு துணியைத் தண்ணீரில் முக்கிவிடுகிறார்கள். மண்ணைக் காயவிடுங்கள். காய்ந்ததும் உதறி, கையால் தட்டி, கொட்டுகிற மட்டும் கொட்டவிட்டு, அதற்கப்புறம் பவுடரில் ஊறவையுங்கள். செம்மண்ணின் நிறமே இரும்புத் துருதான். ஆகவே குளோரின் பிளீச் ஊற்றினால் துளியும் போகாது. நெய்வேலிப் பக்கம் சுரங்க வேலைக்குப் போகிறவர்களின் துணியில் இருக்கும் நிலக்கரித் தூளுக்கும் இதே முறைதான், முதலில் உதறல், பிறகுதான் தண்ணீர்.

கல்லில் ஓங்கி அடித்தால்தான் அழுக்குப் போகும் என்பதை மட்டும் விட்டுவிடலாம். பவுடரில் அரைமணி ஊறிய துணிக்கு அந்த அடி தேவையில்லை. பட்டன் உடைவதும் நூல் தேய்வதும்தான் மிச்சம்.

பவுடர், லிக்விட், சோப்பு

பழைய பாணி பார் சோப்பு கொழுப்பில் காய்ச்சிய அசல் சோப்பு. கடினத் தண்ணீரில் திரியாகிப் படிவது அதுதான். டிடர்ஜென்ட் பாருக்கும் பவுடருக்கும் அந்தத் தொல்லை குறைவு. பவுடரா லிக்விடா என்றால், மண், சேறு, வெள்ளைத் துணிக்கு பவுடர். எண்ணெய்க் கறைக்கும் அடர் நிறத் துணிக்கும் லிக்விட். பவுடரில் இருக்கும் சோடா, கடினத் தண்ணீரின் கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கித் துணியிலேயே விட்டுவிடும். கறுப்பு சட்டையில் வெள்ளைத் திட்டு விழுவது பெரும்பாலும் இதனால்தான், பவுடர் கரையாததால் மட்டுமில்லை. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இதுல உப்பு பூத்திருக்கு, பெட்டி நகரவே மாட்டேங்குது" என்றார். காலர் மடிப்பைத் திருப்பினால், தையல் ஓரம் முழுக்க மாவு தடவியதுபோல் வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கடைசி அலசலை நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் அது நின்றுபோனது.

அழுக்குப் போகவில்லை என்று பவுடரைக் கூட்டிக்கொண்டே போவது நம் ஊர் வழக்கம். கடினத் தண்ணீருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வேண்டும், உறையிலேயே அந்த அளவைப் போட்டிருப்பார்கள். அதற்கும் மேல் போட்டால் அலசலில் வெளியேறாமல் துணியில் தங்கி, வியர்வை பட்டதும் அரிக்கும், நாறும். ஃபிரண்ட் லோடுக்கு அதற்கென்று வரும் நுரை குறைந்த பவுடரையே போடுங்கள். செமிக்கு எதுவும் போடலாம்.

துண்டு விறைக்கிறது என்று கம்ஃபோர்ட் மாதிரியான சாஃப்ட்னர் லிக்விடை ஊற்றுவார்கள். மணக்கும், மெத்தென்றிருக்கும். ஆனால் அது நூல்மேல் ஒரு பூச்சாகப் படிவதால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் விட்டால் படிந்த சுண்ணாம்பு கரையும், துண்டும் துண்டாக இருக்கும். வினிகர் விடும் நாளில் பிளீச் பக்கமே போகாதீர்கள். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், பாத்ரூம் கழுவும் ஆசிட் உட்பட, குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பிளீச்சைப் பற்றி இன்னொரு வார்த்தை. மஞ்சளடித்த வெள்ளைச் சட்டையை வெளுக்க பிளீச் ஊற்றுகிறார்கள். இரும்புத் தண்ணீர் வீட்டில் அது மஞ்சளை இன்னும் அடர்த்தியாக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக்கி நூலில் ஏற்றிவிடும். எலுமிச்சைச் சாறு, உப்பு, வெயில், இந்த மூன்றும்தான் துருக்கறைக்குப் பழைய மருந்து. சிட்ரிக் ஆசிட் கரைசலும் இதே வேலையைச் செய்யும். சொட்டுநீலம் மஞ்சளை எடுப்பதில்லை, நீலத்தால் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. அதில் தவறொன்றுமில்லை, ஆனால் பக்கெட்டில் நன்றாகக் கலக்கிய பிறகே துணியை முக்குங்கள்.

இந்தப் பக்கத்துக் கறைகள்

பண்ருட்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பலாப்பால் தண்ணீருக்கு அசையாது. துணியை நனைக்கும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, இளகியதும் வழித்தெடுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய்க்கு லிக்விடை நேராகத் தேயுங்கள். முந்திரிப் பழச் சாறும் வாழைக்கறையும் துவர்ப்பால் வருபவை. படும்போது நிறமே தெரியாது. காயக் காயத்தான் பழுப்பாகும். பட்டவுடன் வெறும் தண்ணீரில் அலசுவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் துவர்ப்புக் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். இரும்புத் தண்ணீர் பட்டால் கறுத்தே போகும்.

சமையல் மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாவதைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் திரும்பிவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் சாயம் வெயிலுக்கு நிற்காது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், வெந்நீர் பட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மீன் வாடைக்கு முதலில் வெறும் தண்ணீரில் அலசல், அடுத்து வினிகர் கலந்த தண்ணீரில் ஊறல், கடைசியாக பவுடர். மீன் வாடைக்குக் காரணமான அமைன்கள் காரத்தன்மை கொண்டவை, அமிலம் அவற்றை அடக்கிவிடும். சில்வர் பீச்சிலோ மாசி மகத்துத் தீர்த்தவாரியிலோ கடலில் நனைந்த துணியை மூட்டையாக வைக்காமல் அன்றே நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

புதுத் துணி சாயம் போவதற்கு உப்பில் ஊறவைக்கிறோம். சாயம் வெளியேறும் வேகத்தை உப்பு கொஞ்சம் குறைக்கலாம், நிரந்தரமாக நிறுத்தாது. முதல் சில துவையலைத் தனியாகப் போடுவதுதான் காப்பு.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வானத்திலிருந்து வருவது துணிக்கு மிகச் சிறந்த தண்ணீர், ஆனால் காயப்போட இடமில்லை. மாடித் தண்ணீர் வழியும் குழாயில், முதல் மழை கழுவிப்போன பிறகு, ஒரு டிரம் வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழாய் ஏற்கெனவே இருக்கும். அந்தத் தண்ணீர் வெள்ளைத் துணிக்கும் கடைசி அலசலுக்கும் போகட்டும். டிரம்மைக் கொசு புகாமல் மூடிவைக்க வேண்டும்.

காய்ந்த துணி மழைக்காலத்தில் தொட்டால் சில்லென்றிருக்கிறது என்பார்கள். ஈரம் மட்டும் காரணமில்லை. உப்புத் தண்ணீரில் அலசிய துணியில் தங்கிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும், மக்னீசிய உப்பு அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கும். நம் கடற்கரையில் மழைக்காலத்தில் ஈரப்பதம் அதற்கும் மேலேதான் பெரும்பாலும். எத்தனை நாள் கொடியில் தொங்கினாலும் அந்தத் துணி முழுக்கக் காயாது. செய்ய வேண்டியது மறு அலசல், மறு காயவைப்பு இல்லை.

நாற்றத்துக்குக் காரணம் ஈரத்தில் பெருகும் பாக்டீரியா. துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவு நாற்றம் குறைவு. பிழிந்ததை இரண்டாவது முறை பிழியுங்கள். கொடியில் நெருக்காமல் ஒரு கை இடைவெளி விட்டு, ஃபேனுக்கு நேராகப் போடுங்கள். ஜன்னல் மூடிய அறையில் காயவைத்தால் அந்த ஈரம் சுவரில் பூஞ்சையாக வரும், பீரோவுக்குள்ளும் போகும். ஏற்கெனவே நாறும் துண்டுகளை வாசனை லிக்விடால் மூடாமல், பருத்தியாக இருந்தால் நல்ல சூட்டுத் தண்ணீரில் பவுடரோடு ஊறவைத்துத் துவையுங்கள். டிரையர் மெஷின் இங்கே வருடத்தில் மூன்று மாதத்துக்குத்தான் வேலை, அதற்காக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கைக்குழந்தையோ படுக்கையில் நோயாளியோ இருக்கும் வீடு விதிவிலக்கு.

சித்திரை, வைகாசி வெயிலில் தொல்லை எதிர்ப்பக்கம்: நிறம் வெளிறும். கலர் துணியை உள்பக்கம் திருப்பி, நிழல் படும் கொடியில் போடுங்கள். வெள்ளைக்கு மட்டும் நேர் வெயில்.

வெளியே கொடுக்க வேண்டியவை

பட்டு, சரிகை, கோட்டு, கனத்த ரஜாய், திரைச்சீலை எல்லாம் லாண்டரிக்கு. பட்டும் கம்பளியும் புரதம். என்சைம் போட்ட பவுடர் புரதக் கறையைத் தின்பதுபோல் அந்த நூலையும் தின்னும். வீட்டில் அலச வேண்டி வந்தால் ஷாம்பு மாதிரி மென்மையானதைப் போட்டு, நல்ல தண்ணீரில், பிழியாமல் அலச வேண்டும். வேலைக்குப் போகும் தம்பதியோ தனியாகத் தங்கியிருப்பவரோ வாரத்துக்கு ஒரு மூட்டைதான் சேரும் என்றால், கிலோ கணக்கில் துவைத்துத் தரும் லாண்டரி மாதச் செலவில் மெஷினைவிடக் குறைவாகவே முடியலாம். கடையில் விலை கேட்கும்போதே எந்தத் தண்ணீரில் துவைக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

கறை பட்ட துணியைக் கொடுக்கும்போது, கறை இருக்கும் இடத்தைத் திருப்பிக் காட்டி, எதனால் பட்டது, வீட்டில் ஏதாவது போட்டுத் தேய்த்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். எண்ணெய்க்கு ஒரு மருந்து, துவர்ப்புக்கு ஒரு மருந்து, துருவுக்கு இன்னொன்று. தெரியாமல் சூட்டில் போட்டு எடுத்துவிட்டால் அப்புறம் யாராலும் எடுக்க முடியாது.